அங்கீகாரம்: யார், எதை, எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்ற அறிவிப்புகள், கோயில் விழா மலர்கள், வேலைக்கு வருவோரின் சான்றிதழ்கள் என்று தமிழில் எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் அன்றாட வேலை. 'அங்கீகாரம்' என்ற சொல் வரும் தாள் எதுவானாலும் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும். மாணவர்கள், பெற்றோர், ஊழியர்கள், நிர்வாகக் குழுவினர் கேட்டவற்றை அவர்கள் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த ஒரு சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இலக்கணத்தோடு நிறுத்தாமல் நடைமுறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. அங்கீகாரம்னா சரியா என்ன அர்த்தம்?

சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரோ ஓர் அமைப்போ, ஏற்கெனவே இருக்கும் ஒன்றை "இது செல்லும்" என்று முறைப்படி ஏற்றுக்கொள்வது அங்கீகாரம். ஏற்கப்படுவது பள்ளியாக இருக்கலாம், பட்டமாக இருக்கலாம், ஒரு மொழி, ஒரு திருமணம், ஏன், ஒரு நாடாகவும் இருக்கலாம்.

இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அங்கீகரித்தது யார்? எதை அங்கீகரித்தார்கள்? எந்தக் காரியத்துக்காக? "எங்கள் நிலையம் அங்கீகாரம் பெற்றது" என்று மட்டும் எழுதினால் வாக்கியம் முடிந்துவிடும், விவரம் பாதியில் நிற்கும். கீழே உள்ள சிக்கலான கேள்விகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் வந்தவைதான்.

2. இது தமிழ்ச் சொல்லா? கட்டுரையில எழுதினா மார்க் குறையுமா?

வடசொல். 'அங்கம்' என்பதோடு உறவுடையது. தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது, தன்னதாக ஏற்பது என்பது மூலப் பொருள். வைணவ உரைகளில் இறைவன் அடியாரைத் தன்னவராக ஏற்றுக்கொள்வதற்கு 'அங்கீகரித்தல்' என்று வரும். இன்றைக்கு அலுவலகச் சொல்லாகிவிட்டாலும் அந்தப் பழைய பொருள் முழுக்கப் போய்விடவில்லை. பெற்றோர் காதல் திருமணத்தை அங்கீகரித்தார்கள் என்று சொல்லும்போது நாம் சொல்வது அதைத்தான்.

தனித்தமிழில் ஏற்பு, ஏற்பளிப்பு, ஏற்பிசைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'ஏற்பு' அழகான சொல், கட்டுரையில் தாராளமாக எழுதலாம். ஆனால் பொதுமக்கள் படித்து அதன்படி நடக்க வேண்டிய அறிவிப்பில் எல்லாருக்கும் தெரிந்த 'அங்கீகாரம்' இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அந்தச் சொல்லுக்காக மட்டும் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

3. அனுமதியும் அங்கீகாரமும் ஒண்ணுதானே?

இல்லை. அனுமதி என்பது ஒரு செயலைச் செய்யலாம் என்று சொல்வது. அங்கீகாரம் என்பது ஒருவரின் அல்லது ஒன்றின் தகுதியை ஏற்பது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டைப் புதுப்பிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சுவரை இடிக்க வேண்டுமென்றால் வீவக அனுமதி வேண்டும். இடிக்கும் குத்தகையாளர் வீவக பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும். முதலாவது இந்த வீட்டின் இந்தச் சுவருக்குக் கிடைத்த அனுமதி; அதை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவரைத் தொட முடியாது. இரண்டாவது அவருடைய தகுதி. பட்டியலில் பெயர் இருக்கும்வரை எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவரோடு வரும்.

4. அப்போ ஒப்புதல், இசைவு, சம்மதம்? எதை எங்கே போடுறது?

முன்வைத்த ஒன்றுக்குச் சரி சொல்வது ஒப்புதல்: வரவுசெலவுக் கணக்குக்கு ஒப்புதல், கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல். தன் உடல், தன் பிள்ளை, தன் தகவல் தொடர்பாக ஒருவர் மனமுவந்து சொல்வது சம்மதம் அல்லது இசைவு. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்திடும் படிவம் இசைவுப் படிவம். அதை 'அங்கீகாரப் படிவம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் அங்கே எதன் தகுதியையும் முடிவு செய்யவில்லை, போய்வரச் சம்மதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

5. அரசாங்கத்துல பதிவு பண்ணியாச்சு. அப்போ அங்கீகாரம் கிடைச்ச மாதிரிதானே?

அதிகமாகக் காசைக் கரைக்கும் குழப்பம் இதுதான். பதிவு என்றால் "நீங்கள் இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டோம், சட்டம் கேட்கும் அடிப்படை விவரங்களைத் தந்திருக்கிறீர்கள்" என்று பொருள். "நீங்கள் தருவது தரமானது" என்று அதில் யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் தனியார் பள்ளி நடத்தினால் தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு அவர்கள் நடத்தும் பாடத்தின் தரத்துக்கான அங்கீகாரம் ஆகாது என்பதைத் தனியார் கல்விக் குழு தெளிவாகவே சொல்கிறது. எடுடிரஸ்ட் என்பது அதற்கு மேல் ஒரு படி: பள்ளியின் நிர்வாகம், மாணவர் கட்டணப் பாதுகாப்பு போன்றவற்றைப் பார்த்துத் தரும் சான்று. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அது தேவை. ஆனால் அங்கே தரும் பட்டயத்தை ஒரு முதலாளி ஏற்பாரா, ஒரு பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது அப்போதும் வேறு கேள்விதான்.

சங்கங்களுக்கும் இப்படித்தான். சங்கப் பதிவகத்தில் பதிந்த சங்கம் வேறு, அறநிறுவனமாகப் பதிந்தது வேறு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் ஐபிசி தகுதி பெற்றது வேறு. "பதிவுபெற்ற சங்கம், நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு" என்று துண்டறிக்கை அச்சடிப்பதற்கு முன் மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியத் தேர்தல் செய்தி படிப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். அங்கே தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்த கட்சிகள் ஏராளம். வாக்கு விகிதம், வென்ற இடங்கள் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றியவை மட்டுமே 'அங்கீகரிக்கப்பட்ட' கட்சிகள், அவற்றுக்குத்தான் சின்னம் நிலையாக ஒதுக்கப்படும். 'பதிவு செய்யப்பட்ட, அங்கீகரிக்கப்படாத கட்சி' என்று தனி வகையே இருக்கிறது.

6. உரிமமும் சான்றிதழும் இதுல எங்கே வருது?

ஒரு தொழிலைத் தொடர்ந்து செய்யச் சட்டம் தரும் உரிமை உரிமம். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவருக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். "அமைச்சு அங்கீகரித்த ஏஜென்ட்" என்று அவர் சொன்னால், உரிம எண்ணைக் கேளுங்கள்.

சான்றிதழ் என்பது தாள். உணவகத்தில் மாட்டியிருக்கும், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தந்த ஹலால் சான்றிதழ் அந்த இடம் குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றுகிறது என்று சொல்கிறது. ஒன்றைச் சான்றளிப்பது அங்கீகாரத்தின் ஒரு வகை என்று சொல்லலாம், ஆனால் சான்றிதழ் இருப்பதாலேயே அதைக் கொடுத்தவருக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று ஆகிவிடாது. தாளைப் பார்த்துவிட்டு, அதைத் தந்தது யார் என்றும் பார்க்க வேண்டும்.

7. அங்கீகாரம் இல்லைன்னா சட்டவிரோதமா?

பெரும்பாலான நேரங்களில் இல்லை. உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது சட்டவிரோதம். அங்கீகாரம் இல்லாத ஒரு வகுப்பில் கோலம் கற்றுக்கொள்வது குற்றம் ஆகாது, அந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவாமல் போகலாம், அவ்வளவே. 'அங்கீகாரமற்ற' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சட்டவிரோத' என்று எழுதினால் ஒருவர்மேல் குற்றம் சாட்டுவது போலாகும். செய்தி எழுதும் இளையர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

8. அங்கீகரித்த, அங்கீகரிக்கப்பட்ட, அங்கீகாரம் பெற்ற: எது சரி?

மூன்றும் சரி. "கல்வி அமைச்சு அங்கீகரித்த பாடநூல்" என்பது சுருக்கம், யார் என்பதும் முன்னால் வந்துவிடுகிறது. "அங்கீகாரம் பெற்ற நிலையம்" பேச்சுக்கு நெருக்கம். "அங்கீகரிக்கப்பட்ட" என்பதில் ஒரு வசதி இருக்கிறது, அதுவே ஆபத்தும்கூட: யார் அங்கீகரித்தார்கள் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். விளம்பரங்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதும்போது கூடுமானவரை முதல் வடிவத்துக்கே போங்கள்.

எதை, எதுவாக என்ற அமைப்பும் முக்கியம்: "தமிழை அதிகாரத்துவ மொழியாக அங்கீகரித்தது." அங்கீகாரத்தைக் கொடுக்கலாம், அளிக்கலாம், வழங்கலாம், பெறலாம், இழக்கலாம், ரத்து செய்யலாம், திரும்பப் பெறலாம். 'அங்கீகாரம் செய்தார்' என்பது மட்டும் காதுக்கு ஒட்டாது. 'அங்கீகரித்தார்' போதும்.

9. எழுத்துப் பிழை எங்கே வரும்?

'ங்கீ' நெடில். 'அங்கிகாரம்' பிழை. வினையாகும்போது 'கா' குறிலாகிவிடும்: அங்கீகரி, அங்கீகரித்தார். 'அங்கீகாரிக்கப்பட்ட' என்று தட்டச்சில் அடிக்கடி வருகிறது, திருத்திவிடுங்கள்.

10. நாம 'அதிகாரத்துவ மொழி'ன்னு எழுதுறோம். தமிழ்நாட்டு நண்பர் அது தப்புங்கிறார். யார் சரி?

இரண்டு பேரும் அவரவர் ஊரில் சரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரசு நிலை கொண்ட மொழியை 'அதிகாரத்துவ மொழி' என்று எழுதுவது ஊன்றிய வழக்கு. தமிழ்நாட்டில் 'அதிகாரத்துவம்' என்றால் அதிகாரிகளின் ஆதிக்கம் என்ற பொருள்தான் முதலில் தோன்றும், பெரும்பாலும் கண்டனமாகவே வரும். அதனால் அவருக்கு அது நெருடுகிறது. அங்கே மாநில அளவில் 'ஆட்சிமொழி' என்பார்கள், 1956ஆம் ஆண்டுச் சட்டமும் ஆட்சிமொழிச் சட்டம்தான். இந்திய ஒன்றிய அரசின் நிலைக்கு 'அலுவல் மொழி' என்று வரும். இலங்கையில் 'அரசகரும மொழி', அதற்கு ஒரு திணைக்களமே உண்டு.

'அதிகாரபூர்வ' என்பது வேறு வேலை செய்யும் சொல்: உரியவரிடமிருந்து வந்தது என்று காட்டும். அதிகாரபூர்வ அறிக்கை, அதிகாரபூர்வ இணையத்தளம். அதை 'அதிகாரப்பூர்வ' என்று ஒற்றுப் போட்டு எழுதுவோரும் நிறைய. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே தாளில் மாறாமல் எழுதினால் போதும்.

ஊருக்கேற்ற சொல்லை மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். சிங்கப்பூர் வாசகருக்கு எழுதும்போது 'அதிகாரத்துவ மொழி' என்றே எழுதுங்கள். அறுபது ஆண்டுகளாக இங்குள்ள தமிழர்கள் தங்கள் மொழியின் நிலையைச் சொல்லிவரும் சொல் அது.

11. சிங்கப்பூர்ல தமிழுக்கு இருக்கிற அங்கீகாரம் சரியா என்ன? தேசிய மொழியா?

தேசிய மொழி மலாய். அதிகாரத்துவ மொழிகள் நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம். இது அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவில் இருக்கிறது. நாட்டுப்பண் மலாயில் இருப்பதும் ராணுவ அணிவகுப்பில் கட்டளைகள் மலாயில் வருவதும் தேசிய மொழி என்ற நிலையால். நாடாளுமன்ற விவாதத்தில் இந்த நான்கு மொழிகளில் எதிலும் பேசலாம் என்பது 53ஆம் பிரிவு. தமிழில் பேசும் உறுப்பினரின் உரையை மற்றவர்கள் உடனுக்குடன் மொழிபெயர்ப்பில் கேட்கிறார்கள்.

சட்டைப்பையில் இருக்கும் ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துப் பாருங்கள். நாட்டுச் சின்னம் இருக்கும் பக்கத்தில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் ஓரத்தைச் சுற்றி ஓடும். 'சிங்கப்பூர்' என்ற ஆறு எழுத்துகள் அங்கே இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. மக்கள்தொகையில் சிறு பங்கே இருக்கும் ஒரு மொழிக்குச் சட்டம் சமநிலை கொடுத்ததன் விளைவு அது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் பெருமையாகவே இருக்கிறது.

இதே 153ஏ பிரிவில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: வேறு எந்த மொழியையும் பேசவோ கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது. 7ஆம் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அங்கீகாரம் இல்லாததால் ஒரு மொழி தடைசெய்யப்பட்டதாகிவிடாது.

12. பள்ளியில இந்தியும் தாய்மொழிப் பாடமா எடுக்கலாமே. அப்போ இந்திக்கும் அதே அங்கீகாரம்தானே?

இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய ஐந்தில் ஒன்றைத் தமிழுக்குப் பதிலாகத் தாய்மொழிப் பாடமாக எடுத்துத் தேசியத் தேர்வு எழுதலாம். அது தேர்வுப் பாடம் என்ற அளவிலான அங்கீகாரம். அதிகாரத்துவ மொழி என்ற நிலை அவற்றுக்கு இல்லை. முதல் பதிலில் சொன்ன 'எதற்காக' என்ற கேள்வி இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே சொல், இரண்டு அளவுகள்.

13. தமிழ் அதிகாரத்துவ மொழிதானே? ஊர்ல வாங்கின தமிழ்ச் சான்றிதழுக்கு ஏன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கேக்குறாங்க?

நியாயமான கேள்வி, வருத்தத்தோடுதான் கேட்பார்கள். நாட்டின் நிர்வாகமும் நீதிமன்றமும் நடைமுறையில் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்தைக் கொடுத்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். நீதிமன்றத்திலும் அப்படியே. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

நண்பருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் திரும்பத்தான் வர வேண்டியிருக்கும். யார் செய்த மொழிபெயர்ப்பை அந்த அலுவலகம் ஏற்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

14. அப்போஸ்டில் வாங்கிட்டேன். இனி அந்தச் சான்றிதழுக்கு எல்லா இடத்திலயும் அங்கீகாரம் உண்டுதானே?

அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்காக அதனோடு சேர்த்துத் தரும் சான்று. அது ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: இந்த ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை. உள்ளே எழுதியிருப்பது சரியா, அந்தப் படிப்பு தரமானதா என்பதையெல்லாம் அது தொடுவதே இல்லை. இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16 முதலும் அப்போஸ்டிலுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருக்கின்றன. அதனால் முன்பு தூதரகம் தூதரகமாக அலைந்த வேலை குறைந்திருக்கிறது. குறைந்தது அலைச்சல் மட்டும்தான்.

15. எங்க காலேஜ் டிகிரிக்குச் சிங்கப்பூர்ல அங்கீகாரம் இருக்குன்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?

அவரிடம் உடனே திருப்பிக் கேளுங்கள்: "யார் அங்கீகரித்தது, எந்த வேலைக்கு?" உலகத்துக் கல்லூரிகளையெல்லாம் எடைபோட்டு எல்லா வேலைக்கும் செல்லும் என்று முத்திரை குத்தும் ஒரே அலுவலகம் இங்கே இல்லை. மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் பார்க்கும், எந்த வெளிநாட்டுக் கல்லூரிகள் ஏற்கப்படும் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர்கள் இருக்கின்றன. நிபுணத்துவப் பொறியாளராகப் பதிய அதற்கான வாரியம் தன் பட்டியலை வைத்திருக்கிறது. கட்டுமானத் துறைக்கு வரும் ஊழியர்களின் திறன் தேர்வு மையங்கள் என்றால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியல். மற்ற பல வேலைகளில் ஒரு பட்டத்தை ஏற்பதும் விடுவதும் முதலாளியின் முடிவு.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்துக்கு 2023 செப்டம்பர் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டிப்ளமாவும் அதற்கு மேற்பட்ட படிப்பும் காட்டினால், அந்தச் சான்றிதழ் உண்மையானது என்று சரிபார்த்த ஆதாரம் வேண்டும். இது சரிபார்ப்பு. 'போலி இல்லை' என்பது ஒரு விஷயம், 'இந்த வேலைக்கு ஏற்றது' என்பது வேறு விஷயம். முகவர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டியலைத் தேடி உங்கள் கல்லூரியின் பெயரை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் பட்டியல் ஆகாது. பட்டியலை வைத்திருப்பவரின் இணையத்தளத்தில் இருப்பதுதான் பட்டியல்.

16. அப்ரூவ்ட், ரெகக்னைஸ்ட், அக்ரெடிட்டட், அஃபிலியேட்டட்: எல்லாத்துக்கும் 'அங்கீகாரம்'னு போட்டா என்ன?

போட்டுப் போட்டுத்தான் இந்தச் சொல் இளைத்துப்போனது. இந்தியாவில் ஒரே பொறியியல் கல்லூரியின் விளம்பரத்தில் நான்கும் வரும். பல்கலைக்கழக மானியக் குழு சார்ந்தது அங்கீகாரம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தருவது ஒப்புதல். நாக் அமைப்பு செய்வது தர மதிப்பீடு, அதற்குத் தரநிலையும் கொடுக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இருப்பது இணைப்பு. நான்கையும் 'அங்கீகாரம் பெற்ற' என்று தமிழாக்கினால் படிக்கும் தகப்பனாருக்கு நான்கு அமைப்புகள் ஒரே விஷயத்தைச் சொன்னதாகத் தோன்றும். உண்மையில் நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கான பதில்.

மொழிபெயர்ப்பவர் சோம்பினால் படிப்பவர் விலை கொடுக்கிறார். எனவே மொழிபெயர்ப்பில் இவற்றை ஒருபோதும் கலக்காதீர்கள்.

17. தேக்கா பக்கம் நடந்த கண்காட்சியில ஊர் மனை பார்த்தோம். 'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது'ன்னு போட்டிருக்காங்க. வாங்கலாமா?

மனையை வாங்கலாமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். சொல்லைப் பற்றி நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. முதல் பதிலின் 'யார்' என்ற கேள்வி இங்கே லட்சங்களைக் காப்பாற்றும்.

2016இல் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கலாம். அப்புறம் 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, அவை 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கானவை. 'வரன்முறை செய்யப்பட்டது' என்று விளம்பரத்தில் இருந்தால் அதற்கான ஆணையைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். அது பதிவு, 5ஆம் பதிலை நினைவில் வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் இவை மனைப்பிரிவைப் பற்றியவை. விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பதைத் தாய்ப் பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும்தான் சொல்லும்.

18. கோயில்ல தாலி கட்டியாச்சு, ஊரே வந்து வாழ்த்தியாச்சு. சட்ட அங்கீகாரம் தனியா வேணுமா?

சிங்கப்பூரில் வேண்டும். 1961 செப்டம்பர் 15இல் மாதர் சாசனம் நடப்புக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை உரிமம் பெற்ற ஒருவர் அந்தச் சட்டப்படி நடத்திவைத்துப் பதிய வேண்டும். சடங்கு மட்டும் நடந்தால் சட்டத்தின் கண்ணில் திருமணம் நடக்கவில்லை. முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டமும் தனிப் பதிவகமும் உண்டு.

அதனால்தான் நம் வீடுகளில் "ஆர்ஓஎம் (சட்டப்படி திருமணப் பதிவு) எப்போ, கல்யாணம் எப்போ?" என்று இரண்டாகக் கேட்கிறோம். இரண்டையும் கோயில் மண்டபத்திலேயே ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு, ஆர்ஓஎம் முடித்து ஒரு வருடம் கழித்துத் தாலி கட்டுபவர்களும் உண்டு. அத்தை மாமாக்கள் கண்ணில் பின்னதுதான் கல்யாணம். ஊர் தரும் அங்கீகாரமும் சட்டம் தரும் அங்கீகாரமும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகின்றன, ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. வீடு, சொத்து, பிள்ளைகளின் உரிமை என்று வரும்போது சட்டம் தந்ததைத்தான் கேட்பார்கள். பெண் பிள்ளை வீட்டார் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

19. தமிழுக்கு 2004லதான் செம்மொழி அங்கீகாரம் கிடைச்சுது. அதுக்கு முன்னாடி செம்மொழி இல்லையா?

இருந்தது. அங்கீகாரம் ஒன்றை உண்டாக்குவதில்லை, இருப்பதை ஏற்கிறது. 2004 அக்டோபரில் இந்திய அரசு செய்த அறிவிப்பால் சங்கப் பாடல்களின் வயது ஒரு நாளும் கூடவில்லை. சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையே பாருங்கள். 1827 முதல் வழிபாடு நடக்கும் இடம், 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு அறிவிப்புக்கு முன்பே இருந்தது.

அப்படியானால் அறிவிப்பால் என்ன பயன் என்று அடுத்த கேள்வி வரும். அறிவித்த பிறகு நினைவுச்சின்னத்தைச் சட்டம் பாதுகாக்கிறது, இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. செம்மொழி அறிவிப்புக்குப் பிறகு ஆய்வுக்குத் தனி நிறுவனமும் நிதியும் வந்தன. பழைய தகுதிக்குப் புதிய விளைவுகள் கிடைக்கின்றன. ஆகவே "2004இல் தமிழ் செம்மொழி ஆனது" என்று எழுதாமல் "2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது" என்று எழுதுங்கள்.

20. வீட்டுல தமிழ் பேசறவங்க குறைஞ்சுகிட்டே போறாங்க. ஒரு நாள் இந்த அங்கீகாரமும் போயிடுமா?

153ஏ பிரிவில் எண்ணிக்கை நிபந்தனை எதுவும் இல்லை. இத்தனை பேர் பேசினால்தான் தமிழ் அதிகாரத்துவ மொழி என்று எங்கும் எழுதவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அந்த எண்ணால் நாணயத்தில் இருக்கும் எழுத்து அழியப்போவதில்லை.

ஆனால் எனக்கு இதில் கவலை உண்டு, மறைக்கவில்லை. அரசு தரக்கூடியதைத் தந்திருக்கிறது: பாடம், தேர்வு, வசந்தம் ஒளிவழி, ஒலி 96.8, 2000ஆம் ஆண்டு தொடங்கிய வளர்தமிழ் இயக்கம், ஏப்ரல்தோறும் தமிழ் மொழி விழா. சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது என்பதை எந்தப் பிரிவும் தீர்மானிக்காது. தாத்தாவுக்குத் தமிழில் பதில் சொல்லும் பேரப்பிள்ளை தரும் அங்கீகாரத்தை நாடாளுமன்றத்தால் தர முடியாது. அதை நாம்தான் தர வேண்டும்.

21. எங்க சங்கம் நடத்துற வகுப்புக்கு நோட்டீஸ் அடிக்கணும். 'அங்கீகாரம் பெற்ற'ன்னு போட்டா ஆள் சேருவாங்க. எப்படி எழுதறது?

கையில் என்ன தாள் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். சங்கம் பதிந்தது என்றால்: "எங்கள் சங்கம் சங்கப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டது." சான்றிதழைச் சங்கமே தருகிறது என்றால்: "பயிற்சி முடித்தவர்களுக்கு எங்கள் சங்கம் சான்றிதழ் வழங்கும். இது கல்வி அமைச்சின் சான்றிதழ் அல்ல." இரண்டாவது வாக்கியத்தைப் போடக் குழுவில் தயங்குவார்கள். போடச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டும் வருபவர்கள் தமிழுக்காகவே வருவார்கள், பாதியில் நிற்கவும் மாட்டார்கள்.

வெளியார் அங்கீகாரம் உண்மையிலேயே இருந்தால் பெயர், எண், எதுவரை செல்லும் என்ற மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். அந்த எண்ணை யாராவது சரிபார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காமல் தாளை எடுத்துக் காட்டுங்கள்.